ஆஃப் சீசனில் பெஞ்ச் பிரஸ்: மாற்ற வேண்டியதை மாற்றும் காலம்

போட்டிக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கும் ஆஃப் சீசன் காலத்தில் பெஞ்ச் பிரஸ் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன். எடை தூக்கும் போட்டியான பவர்லிஃப்டிங்கில் மூன்று பிரிவுகள்: எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்சில் படுத்து எடையை மார்பு வரை இறக்கி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட். இவற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது பெஞ்ச் பிரஸ்தான். எடை ஏறுவதில் மிகுந்த பொறுமையைக் கேட்பதும் அதுவே. போட்டியில் வழக்கமாகக் கூட்டக்கூடிய மிகச் சிறிய அளவு 2.5 கிலோ. ஸ்குவாட்டிலோ டெட்லிஃப்ட்டிலோ அந்த அளவு முன்னேற்றம் விரைவில் கிடைத்துவிடலாம். பெஞ்சில் சில வேளைகளில் ஒரு பருவம் முழுவதும் உழைத்தால்தான் கிடைக்கும். ஆகவே ஆஃப் சீசனை நான் ஓய்வுக்காலமாகக் கருதுவதில்லை. போட்டி நெருங்கிவிட்டால் தொட முடியாதவற்றை மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் ஒரே காலம் அது.

அவற்றுள் முதலாவது பிடியின் அகலம். சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பின் விதிப்படி இரு ஆள்காட்டி விரல்களுக்கும் இடையே உள்ள தூரம் 81 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்கான அடையாளக் கோடுகள் எடை மாட்டும் கம்பியான பாரிலேயே இருக்கும். அகலமாகப் பிடித்தால் பார் பயணிக்கும் தூரம் குறைகிறது, முதுகை வளைத்து மார்பை உயர்த்தினால் இன்னும் குறைகிறது என்பதால் பலரும் அந்த எல்லையை ஒட்டியே பிடித்துவந்தார்கள். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. பார் கீழே இறங்கி நிற்கும்போது இரு முழங்கை மூட்டுகளின் அடிப்பகுதியும் தோள் மூட்டின் மேற்பரப்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ வந்திருக்க வேண்டும். வராவிட்டால், எடை எவ்வளவு எளிதாக மேலே சென்றிருந்தாலும் அந்த முயற்சி செல்லாது. உடல்வாகைப் பொறுத்துச் சிலருக்கு இந்த விதியால் எந்த மாற்றமும் இல்லை. கைகள் குட்டையாகவும் மார்புக்கூடு உயர்ந்தும் இருப்பவர்களுக்கோ பிடியைக் குறுக்குவதையோ வளைவைக் குறைப்பதையோ தவிர வேறு வழியில்லை. பெஞ்சின் உயரத்தில், பக்கவாட்டிலிருந்து எடுத்த காணொளியைப் பார்த்தால் தாம் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது எவருக்கும் தெரிந்துவிடும்.

பிடியைக் குறுக்கும்போது மேற்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸும் முன்தோளும் சுமக்கும் பங்கு கூடுகிறது. பார் மார்பைத் தொடும் இடமும் சற்றுக் கீழே நகர்கிறது. தொடக்கத்தில் எடை குறையத்தான் செய்யும். அந்தக் குறைவை அமைதியாக ஏற்றுக்கொள்ளவும், ஒவ்வொரு விரல் அகலமாகப் பிடியை நகர்த்தி உடலைப் பழக்கவும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும். கடைசி ஆறு வாரங்களில் இதைத் தொடங்குபவர் பழைய பிடியின் வலிமையையும் இழந்து, புதிய பிடியிலும் உறுதி பெறாமல் மேடையேற நேரிடும்.

இரண்டாவது, மார்பின்மேல் பாரை நிறுத்துவது. இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: போட்டியாளர் ஆண்டு முழுவதும் நிறுத்திச் செய்யும் பெஞ்ச் பிரஸ்ஸையே தன் அடிப்படையாக வைத்திருக்க வேண்டும். போட்டியில் நடுவர் ‘ஸ்டார்ட்’ என்று சொன்ன பிறகுதான் பாரை இறக்கலாம். மார்பில் அசையாமல் நின்றதைப் பார்த்து அவர் ‘பிரஸ்’ என்ற பின்புதான் தள்ளலாம். கைகள் நேராகி நின்ற பிறகு ‘ரேக்’ என்ற சொல்லுக்கும் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பது தூக்குபவரின் கையில் இல்லை. பாரை மார்பில் தொட்டவுடன் துள்ள விட்டுத் தள்ளிப் பழகியவருக்கு, அந்தத் துள்ளல் தந்துவந்த உதவி மேடையில் ஒரு நொடிக்குள் காணாமல் போகிறது. ஆகவே உடன் பயிற்சி செய்பவரை நடுவராக நிற்கச் சொல்லி, ஒரு ரெப்பில் (ஒருமுறை இறக்கித் தள்ளுவதில்) உடனேயும் அடுத்ததில் தாமதித்தும் குரல் கொடுக்கச் செய்கிறேன். மார்பிலிருந்து எழும்பும் கட்டம் பலவீனமாக இருந்தால் மூன்று நொடி நிறுத்தமும், அமெரிக்க வீரர் எரிக் ஸ்போட்டோவின் பெயரால் வழங்கும் ஸ்போட்டோ பிரஸ்ஸும் நல்ல துணை. பின்னதில் பாரை மார்பைத் தொடவிடாமல் ஓர் அங்குல உயரத்தில் நிறுத்திவிட்டுத் தள்ள வேண்டியிருப்பதால், இறக்கும்போதே உடல் முழுவதும் இறுக்கமாக இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, தசையை வளர்ப்பது. கனமான ஒற்றை ரெப்கள் நரம்பு மண்டலத்தைப் பழக்குகின்றன. ஆனால் பழக்குவதற்குப் போதுமான தசை இருக்க வேண்டுமே! பெஞ்சில் பங்கேற்கும் தசைகள் ஸ்குவாட்டின் தசைகளைவிடச் சிறியவை என்பதால் பெரும்பாலும் விரைவில் மீள்கின்றன. எனவே வாரத்தில் மூன்று நாள் பெஞ்ச் செய்வது என் வழக்கம். ஒரு நாள் போட்டிப் பிடியில், நிறுத்தத்துடன், ஒரே ஒரு முறை தள்ள முடியும் உச்ச எடையின் 75 விழுக்காட்டை ஒட்டி ஐந்து ரெப் கொண்ட செட்கள் (இடையில் ஓய்வின்றிச் செய்யும் தொகுதிகள்). இன்னொரு நாள் குறுகிய பிடியில் எட்டு ரெப் வரை. மூன்றாம் நாள் சாய்வு பெஞ்சிலோ டம்பெல்லிலோ பத்துக்கும் மேற்பட்ட ரெப்கள். பெரும்பாலான செட்களை இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்ற நிலையிலேயே முடித்துவிடுகிறேன். இனி ஒரு ரெப்பும் முடியாது என்ற தோல்வி நிலை வரை தள்ளிய செட்டின் களைப்பு அடுத்த பயிற்சிநாளின் தரத்தைக் கெடுத்துவிடுகிறது. துணைக்கு ஆளோ பாதுகாப்புக் கம்பிகளோ இல்லாத இடத்தில் அது உயிருக்கே ஆபத்தானது.

முதுகுப் பயிற்சியை இதற்கு இணையான அளவில் வைத்திருக்கிறேன். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து இறுக்கிப் படுப்பதுதான் பெஞ்சின் அடித்தளம். மேல்முதுகுத் தசைகள் வளராமல் கனமான எடையின் கீழ் அந்த நிலை நிலைக்காது. முழங்கையிலோ மார்புத் தசை தோளோடு சேரும் இடத்திலோ வலி தொடர்ந்தால் அதைக் கவனிக்க வேண்டிய காலமும் இதுதான். மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்க இப்போது நேரம் இருக்கிறது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது இருக்காது.

உணவைப் பொறுத்தவரை, எடைப்பிரிவின் எல்லையைச் சற்றுத் தாண்டி நிற்பதில் எனக்குத் தயக்கமில்லை. உடல் எடை குறையும்போது பெஞ்ச்தான் முதலில் குறைகிறது என்பது என் அனுபவம்.

உச்ச எடையை இந்தக் காலத்தில் சோதித்துப் பார்ப்பதில்லை. அந்த ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வருகிறது. ஆனால் ஐந்து ரெப் செய்த எடை கூடிக்கொண்டே வந்தால் உச்சமும் கூடுகிறது என்று கொள்ள அதுவே போதும்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்று பிரிவுகளும் உள்ள போட்டியில் பெஞ்ச் எப்போதும் ஸ்குவாட்டுக்குப் பிறகே வருகிறது. பாரைத் தோளில் தாழ்வாக வைத்து ஸ்குவாட் செய்பவர்களின் தோளும் முழங்கையும் அதற்குள் நன்றாகவே சோர்ந்திருக்கும். எனவே வாரத்தில் ஒரு நாளாவது கனமான ஸ்குவாட்டை முடித்துவிட்டே பெஞ்சில் படுக்கிறேன். அந்த நாளின் எடை குறைவாக இருந்தாலும் போட்டியில் எதை எதிர்பார்க்கலாம் என்பதை அதுவே சரியாகக் காட்டுகிறது. போட்டிக்கு எட்டு வாரம் இருக்கும்போது சாய்வு பெஞ்சும் டம்பெல்லும் விலகத் தொடங்கி, ரெப்கள் மூன்றாகவும் இரண்டாகவும் ஒன்றாகவும் குறையும். போட்டியின் முதல் முயற்சிக்கான எடையை அப்போதும் இந்த ஸ்குவாட் நாளில் வைத்தே முடிவு செய்கிறேன்: களைத்த தோள்களுடன், பிறர் குரலுக்குக் காத்திருந்து, மூன்று முறை சுத்தமாகத் தள்ள முடிந்த எடை எதுவோ அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.