ஜெருசலேமும் அமெரிக்கத் தேர்தல் மேடைகளும்

ஒரு வேட்பாளர் எந்த அவையில் நின்று வெளியுறவைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்தாலே, என்ன சொல்லப்போகிறார் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம். அமெரிக்க அதிபர் தேர்தல்களில் இதற்கு, இஸ்ரேலியர்களும் பாலஸ்தீனர்களும் தங்கள் தலைநகராகக் கோரும் ஜெருசலேமைவிடத் தெளிவான சான்று எனக்குத் தென்படவில்லை.

இஸ்ரேலுக்கான அமெரிக்கத் தூதரகத்தை டெல் அவிவிலிருந்து மாற்றி, 1999 மே மாத இறுதிக்குள் ஜெருசலேமில் திறக்க வேண்டும் என்று 1995இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அதிபர் அதைத் தள்ளிப்போடலாம் என்ற வழியும் அச்சட்டத்திலேயே இருந்தது. பதவியேற்றதுமே தூதரகத்தை மாற்றும் பணியைத் தொடங்குவேன் என்று 2000இல் இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஏய்பேக்கின் மாநாட்டில் உறுதியளித்த ஜார்ஜ் புஷ், பதவியிலிருந்த எட்டு ஆண்டுகளும் தவறாமல் அந்த ஒத்திவைப்பில் கையெழுத்திட்டு வந்தார். 2008 ஜூன் 4 அன்று அதே அமைப்பின் மாநாட்டில் ஒபாமா, ஜெருசலேம் இஸ்ரேலின் தலைநகராகவே இருக்கும், அது பிரிக்கப்படக் கூடாது என்றார். பாலஸ்தீனத் தலைமை கண்டித்ததும், அதை இரு தரப்பும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும் என்று மறுநாளே தொலைக்காட்சிப் பேட்டியில் விளக்கமளித்தார்.

சூழல் மாறும்போது நிலைப்பாடு மாறுவதை நான் குறை கூறமாட்டேன். ஒரு நல்ல தலைவருக்கு அந்த நெகிழ்வு வேண்டும். ஆனால் அந்த ஒரே இரவில் ஜெருசலேமில் எதுவும் மாறிவிடவில்லை, கேட்பவர்கள்தான் மாறியிருந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஒட்டோமான் துருக்கியில் நடந்த ஆர்மேனிய இனப்படுகொலையை அங்கீகரிப்பேன் என்று அதே ஆண்டில் ஒபாமா கொடுத்த வாக்கும், நேட்டோ கூட்டாளியான துருக்கியைப் பகைத்துக்கொள்ள மனமின்றி, எட்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. 2021 ஏப்ரல் 24 அன்று பைடன்தான் அதிபர் என்ற முறையில் அதை இனப்படுகொலை என்று அங்கீகரித்தார். அத்தனை காலம் காத்திருந்த குடும்பங்களின் வலியை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

வாக்கைக் காப்பாற்றிவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. டிரம்ப் சொன்னபடியே 2018 மே 14 அன்று ஜெருசலேமில் தூதரகம் திறக்கப்பட்டது. அதே நாளில் காசா எல்லைப் போராட்டத்தில் இஸ்ரேலிய ராணுவம் சுட்டதில் சுமார் 60 பாலஸ்தீனர்கள் உயிரிழந்தனர். 2020 ஆகஸ்டில், மறுதேர்தலுக்காக விஸ்கான்சினில் பேசிய டிரம்ப், தூதரக மாற்றத்தை, தம் முக்கிய வாக்கு வங்கியான எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களுக்காகச் செய்ததாக வெளிப்படையாகவே கூறினார். ஜெருசலேமிலேயே வாழும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.