காத்திருப்போர் வரிசையில் மூன்றாவது பெயர்

கிரீன்விச் நேரப்படி வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. என் ஆட்ட வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு நேரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஐடிஎஃப் எனப்படும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பெண்கள் போட்டி ஒரு திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால், அதற்கு 18 நாள் முன்னதாக வரும் வியாழனன்று, அந்த மணிக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். விலகுவதென்றால் அடுத்து வரும் செவ்வாய் வரை அவகாசம் உண்டு. ஒரே வாரத்துக்குப் பல போட்டிகளில் முன்னுரிமை வரிசையிட்டுப் பெயர் கொடுக்கலாம் என்பது சலுகைபோலத் தெரியும். பெரிய போட்டியின் தகுதிச் சுற்றில் முட்டிமோதுவதா, சிறிய போட்டியின் பிரதானச் சுற்றில் நேராக நுழைவதா என்று, எனக்கு மேலே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் கணித்து முடிவெடுக்கும்போதுதான் அது எத்தகைய சூதாட்டம் என்பது புரியும்.

தரவரிசைக்குள் நுழைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்படியான டபிள்யூ 15 போட்டியின் பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் வென்றால் ஒரு புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த ஒரு புள்ளியை வாங்கியவுடன் உலகத் தரவரிசையில் பெயர் ஏறிவிடாது; மூன்று போட்டிகளில் புள்ளி பெற்றிருக்க வேண்டும், இல்லையேல் மொத்தம் 10 புள்ளியாவது சேர்த்திருக்க வேண்டும். 52 வாரம் கழிந்தால் பழைய புள்ளி உதிர்ந்துவிடும் என்பதால், மூன்றும் ஓர் ஆண்டுக்குள் அமைய வேண்டும். எனக்கு இரண்டாவது போட்டியின் புள்ளி வந்தபோது முதலாவதற்கு ஐந்து மாத ஆயுள் மிச்சமிருந்தது. மூன்றாவது, 49ஆவது வாரத்தில் வந்தது. அந்த வாரத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஆளுக்கொரு செட் வென்றிருந்தோம். அங்கே மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை பிரேக்தான்; இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் பத்தை எட்டுபவர் வெல்வார். 8-9 என்று நான் பின்தங்கி நின்றபோது எதிராளி இரண்டு சர்வையும் தவறவிட்டு இரட்டைத் தவறு செய்தார், நான் 11-9 என வென்றேன். பிரதானச் சுற்றின் முதல் ஆட்டத்தில் எதிரே நின்றவர், முதல் செட்டை வென்ற பிறகு, முதுகுப் பிடிப்பால் விலகினார். ஒருவருடைய இரட்டைத் தவறும் இன்னொருவருடைய முதுகுவலியும் சேர்ந்துதான் என்னைத் தரவரிசையில் ஏற்றின என்பதை இன்றைக்கும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

டபிள்யூ 15 போட்டியின் மொத்தப் பரிசு 15,000 டாலர். பட்டம் வெல்பவருக்கு 2,000 டாலருக்குச் சற்று மேல் கிடைக்கும். முதல் சுற்றில் தோற்பவருக்கு 200 டாலர்கூடக் கிடையாது. தகுதிச் சுற்றோடு திரும்புபவருக்கு ஒன்றுமே இல்லை. விளையாட்டுக்கான செலவும் பரிசு வரவும் சமன்படும் இடம் பெண்களில் 253ஆம் தரநிலை என்று, 2013ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஐடிஎஃப் செய்த ஆய்வு சொன்னது. அதுவும் கோச்சுக்கான செலவைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. நான் பெரும்பாலான ஆண்டுகளை அந்த எண்ணுக்கு அப்பால்தான் கழித்தேன். கோச் என்னோடு பயணம் செய்ததே இல்லை. ஆட்டத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு இரவில் தொலைபேசியில் பேசுவார். ஜெர்மனியிலும் பிரான்சிலும் நடக்கும் கழக அணிப் போட்டிகள்தான் என்னைப் போன்றோரைக் கரையேற்றுபவை. அங்கே ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள், தரவரிசைப் புள்ளி ஏதும் கிடைக்காது. ஆண்டின் மற்ற மாதங்களுக்கான விமானச் சீட்டு அந்தப் பணத்தில்தான் வாங்கப்படும்.

துனீசியாவின் மொனாஸ்திர், துருக்கியின் அந்தால்யா போன்ற கடற்கரை ஊர்களில் இத்தகைய போட்டிகள் வாரக்கணக்கில் தொடர்ந்து நடக்கும் என்பதால், பயணச் செலவை மிச்சப்படுத்த ஒரே இடத்தில் ஒன்றரை மாதம் தங்கியிருக்கிறேன். பந்து பொறுக்கித் தர ஆளில்லை, கோட்டு நடுவர்கள் இல்லை, பார்வையாளர் வரிசையில் அடுத்து என்னோடு ஆடப்போகிறவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் சிறு இயந்திரம் ஒன்றைப் பெட்டியில் சுமந்து சென்றேன். முதலில் என் ராக்கெட்டுகளுக்கு மட்டும் என்றிருந்தது, பிறகு பக்கத்து அறைக்காரர்களுக்கும் கூலிக்குக் கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் என்னை எதிர்த்து ஆடவேண்டியவரின் ராக்கெட்டை 23 கிலோ இழுவிசையில் நள்ளிரவில் இறுக்கிக்கொண்டிருந்த அனுபவமும் உண்டு. ஒழுங்காகத்தான் கட்டினேன். அவர் வென்றார்.

இவ்வளவு ஆளரவமற்ற ஆட்டத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று இருக்கிறது. நடுவர் தன் கையிலுள்ள கருவியில் ஒவ்வொரு புள்ளியையும் பதியும்போது, அது அந்தக் கணமே பந்தய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்கிறது. ஒருமுறை மூன்றாவது செட்டில் 5-2 என்று முன்னிலையில் இருந்து தோற்றேன். உடைமாற்றும் அறையில் கைபேசியைத் திறந்தால், அறிமுகமே இல்லாதவர்களிடமிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்திருந்தன; என் தாயாரைக் குறிப்பிட்டு எழுதப்பட்டவையும் அவற்றில் இருந்தன. டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு 2024இல் இணையத்தில் வந்த வசைகளில் 40 விழுக்காடு, பந்தயத்தில் பணம் இழந்தவர்கள் எழுதியவை என்று ஐடிஎஃபும் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவும் பின்னர் வெளியிட்ட கணக்கைப் பார்த்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அன்று முதல், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குக் கைபேசியைத் தொடுவதில்லை.

விம்பிள்டன் தகுதிச் சுற்றை நான் எட்டிப்பிடிக்கக்கூடிய தூரத்தில் இருந்தது ஒரே ஒரு முறை, 2024இல். அந்தத் தகுதிச் சுற்று நடக்கும் ரோஹாம்ப்டனில் 128 பெண்கள் ஆடுவார்கள். மூன்று ஆட்டம் வென்றால் பிரதானச் சுற்று. அந்த ஆண்டு அங்கே முதல் ஆட்டத்தில் தோற்பவருக்கே 15,000 பவுண்டு. டபிள்யூ 15 போட்டியில் அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ளும் தொகையைவிட அது அதிகம். எனவே, யாருக்கு இடம் என்பதைத் தீர்மானிக்கும் மே மாத இறுதித் தரவரிசைக்காகவே குளிர்காலம் முழுவதும் திட்டமிட்டேன். முந்தைய மே மாதத்தில் நான் வென்ற, டபிள்யூ 15க்கு அடுத்த படியான டபிள்யூ 25 பட்டத்தின் 50 புள்ளிகள் அந்தச் சமயத்தில்தான் உதிர இருந்தன. அதே போட்டிக்கு மறுபடி போய், கெண்டைக்கால் சதையில் பட்டி கட்டிக்கொண்டு ஆடி, மறுபடியும் பட்டம் வென்றேன். ஆனால் 2024 முதல் டபிள்யூ 25 என்பது டபிள்யூ 35 எனப் பெயர் மாறியிருந்தது. பட்டத்துக்கான புள்ளி 35 ஆகக் குறைந்திருந்தது. பட்டத்தைத் தக்கவைத்தும் 15 புள்ளி இழந்தேன். இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததால் வருத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பட்டியல் வெளியானபோது இடம் கிடைக்கவில்லை, விலகல்களுக்குப் பிறகு மாற்று ஆட்டக்காரர்களில் மூன்றாவதாக இருந்தேன். நேரில் போய்க் கையெழுத்திட்டுவிட்டு, முதல் சுற்றின் கடைசி ஆட்டம் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த வாரம் வேறெங்கும் ஆட முடியாது. காலையிலேயே தயாராக உடை மாற்றிக்கொண்டு, மணிக்கொரு முறை உடற்பயிற்சி செய்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். நண்பகலுக்குள் இருவர் விலகினர், எனக்கு முன்னிருந்த இருவரும் உள்ளே போனார்கள். மூன்றாவதாக ஒருவர் தொடையில் கட்டுடன் பிசியோ அறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். அவர் தன் ஆட்டத்துக்கு இறங்கினார், நான்கு கேம் ஆடினார், கைகுலுக்கிவிட்டு வெளியேறினார். ஆட்டம் தொடங்கிவிட்ட பிறகு அந்த இடம் மாற்று ஆட்டக்காரருக்கு வராது. அவர்மீது எனக்குக் கோபமில்லை. நானாக இருந்திருந்தாலும் இறங்கியிருப்பேன்.

மாலையில், இரண்டாவது சுற்றுக்குப் போயிருந்த ஒருவர் பயிற்சிக்கு இடதுகை ஆட்டக்காரர் வேண்டும் என்று கேட்டார். ஒரு மணி நேரம் அவருக்கு சர்வ் போட்டுக் கொடுத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை, விடுதிக்குத் திரும்பும் பேருந்தில், வியாழன் பிற்பகலுக்குள் பெயர் கொடுக்கவேண்டிய போட்டிகளின் பட்டியலைத் திறந்தேன்.