9.99 மட்டும் வரவே இல்லை

கார்ட்டில் போடும்போது ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் இன்னொரு விலை. என் இணையக் கடை முதலில் இப்படித்தான் ஓடியது. வரியைத் தனியாகக் காட்டினால் கணக்கு வெளிப்படையாக இருக்கும் என்பது என் எண்ணம். "கடைசியில் ஏன் விலை ஏறுகிறது?" என்று ஒருவர் கேட்டுவிட்டு, வாங்காமலே போய்விட்டார்.

அப்புறம்தான் விதிகளைப் படித்தேன். அமெரிக்காவில் பெரும்பாலும் விற்பனை வரியைக் கடைசியில்தான் சேர்க்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ, நுகர்வோருக்குக் காட்டும் விலையே வரி சேர்ந்த இறுதி விலையாக இருக்க வேண்டும் என்று 1998-லேயே உத்தரவு வந்துவிட்டது.

சரி, மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். விலையை முன்புபோல வரி சேராமலே உள்ளிட்டு, காட்டுவதை மட்டும் 'வரி உட்பட' என்று வைத்தேன். ஒரு பொருள் 9.99 என்று தெரிய வேண்டும், வரி 20 சதவீதம். 1.2-ஆல் வகுத்தால் 8.325. என் மென்பொருள் இரண்டு தசம இடங்களுக்கு மேல் வாங்காது. 8.33 போட்டேன், 10.00 வந்தது. 8.32 போட்டேன், 9.98 வந்தது. தலைகீழாக நின்றாலும் 9.99 வரவில்லை! அரை மணி நேரம் மென்பொருளைத் திட்டிய பிறகுதான் புரிந்தது: வரி சேர்ந்த விலையைத்தான் உள்ளிட வேண்டும், வரியை அதிலிருந்து பிரிக்கும் வேலை மென்பொருளுடையது.

அதற்கென்று அமைப்பில் ஒரு தேர்வு இருந்தது. மாற்றினேன். பழைய எண்களும் தானாக மாறிவிடும் என்று நம்பியதுதான் தப்பு. 8.33 அப்படியே நின்றது, ஆனால் இப்போது அதற்குள்ளேயே வரி. கவனிப்பதற்குள் இரண்டு ஆர்டர் வந்துவிட்டது. அந்த வரி என் கையிலிருந்து போனது. எல்லாப் பொருளுக்கும் விலையை உட்கார்ந்து திரும்ப அடித்தேன்.

என் கணக்குத் தாளிலும் ஒரு ஓட்டை இருந்தது. 120-க்கு விற்றதில் 20 சதவீதம் என்று 24-ஐ வரியாகக் கழித்து வைத்திருந்தேன். உள்ளே இருக்கும் வரி 20-தான்: விற்ற விலையான 120-ஐ 20-ஆல் பெருக்கி, 100-உம் 20-உம் சேர்ந்த 120-ஆல் வகுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நானே ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்தேன். பொருளின் விலை சரியாக நின்றது. அனுப்பும் கட்டணத்தில் மட்டும், கடைசிப் பக்கத்தில், பழையபடி வரி ஏறியது.