43.3 பெரிதா, 35.5 பெரிதா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், 2024 ரெகுலர் சீசனின் 12 ஆட்டங்களில் இந்தியானா பல்கலைக்கழக அணி எடுத்த புள்ளிகள் 520. சராசரி 43.3. ஒஹாயோ ஸ்டேட் எடுத்தது 426, சராசரி 35.5. இந்த இரண்டு எண்களை மட்டும் காட்டி யாருடைய அஃபென்ஸ் (பந்தை நகர்த்திப் புள்ளி எடுக்கும் பிரிவு) உசத்தி என்று கேட்டால் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். ஆனால் நவம்பர் 23 அன்று ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸில் இரண்டு அணிகளும் மோதியபோது முடிவு 38-15, ஒஹாயோ ஸ்டேட் பக்கம். இந்தியானா அன்று மொத்தமாக நகர்ந்ததே 151 யார்டுதான்.

"கத்துக்குட்டிகளை அடித்துச் சேர்த்த புள்ளி" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. அதில் பாதிதான் உண்மை. வெஸ்டர்ன் இல்லினாய்க்கு எதிராக 77, அந்த சீசனில் ஒரே ஒரு வெற்றி பெற்ற பர்டியூவுக்கு எதிராக 66. இந்த இரண்டையும் கழித்தால் மீதி 10 ஆட்டங்களின் சராசரி 37.7. அப்போதும் அது நல்ல எண்தான். ஒஹாயோ ஸ்டேட் மட்டும் என்ன, ஆக்ரன், வெஸ்டர்ன் மிச்சிகன், மார்ஷல் மூவரையும் வைத்து 157 புள்ளி சேர்த்தது. இரண்டு அணிகளும் ஆடும் பிக் டென் லீக்கின் ஆட்டங்கள் ஒன்பதை மட்டும் எடுத்தால் சராசரி இந்தியானாவுக்குச் சரியாக 40, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 29.9. இடைவெளி குறையவில்லை, கூடுகிறது!

இரண்டு அணிகளும் சந்தித்த பொது எதிரிகள் ஐந்து பேர்: மிச்சிகன் ஸ்டேட், பர்டியூ, நார்த்வெஸ்டர்ன், நெப்ராஸ்கா, மிச்சிகன். இந்தியானா எடுத்தவை முறையே 47, 66, 41, 56, 20. ஒஹாயோ ஸ்டேட் எடுத்தவை 38, 45, 31, 21, 10. ஐந்திலும் இந்தியானாதான் மேலே. ஆக, அட்டவணை சுலபம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. பொது எதிரிகளை வைத்து ஆட்டத்தைக் கணிப்பவர்களும் இந்த இடத்தில் மண்ணைக் கவ்வியிருப்பார்கள்.

முதல் கோளாறு, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவுகோலிலேயே இருக்கிறது. 2023 முதல் ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தாலும் (நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், 10 யார்டு நகர்ந்தாலும்) கடிகாரம் நிற்பதில்லை; ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில் மட்டும்தான் நிற்கும். நிதானமாக ஆடும் அணிக்கு டிரைவ்கள் (பந்து கைக்கு வந்ததிலிருந்து போகும் வரையிலான தொடர் முயற்சிகள்) குறைகின்றன, புள்ளியும் கூடவே குறைகிறது. அதனால் டிரைவ் கணக்கில் பாருங்கள். ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளான பாக்ஸ் ஸ்கோரிலேயே டிரைவ் பட்டியல் இருக்கும். பாதி முடியும்போது முழங்கால் மடக்கி நேரம் கடத்தும் டிரைவ்களை அடித்துவிடுங்கள். டிஃபென்ஸும், உதைகளின்போது இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸும் போட்ட டச்டவுன்களையும் அடித்துவிடுங்கள். கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட் எடுத்த 38-இல் ஒரு டச்டவுன், எதிரி உதைத்துவிட்ட பந்தை (பன்ட்) பிடித்து கேலப் டவுன்ஸ் 79 யார்டு ஓடிய பன்ட் ரிட்டர்ன். இன்னொன்று, இந்தியானா பன்ட்டர் பந்தைச் சரியாகப் பிடிக்காமல் தடுமாறியதால் கோல் கோட்டுப் பக்கத்திலேயே கிடைத்த பந்து. இரண்டையும் ஒஹாயோ ஸ்டேட் அஃபென்ஸின் கணக்கில் எழுதினால் அது ஏமாற்று வேலை. டிரைவ் எந்த யார்டில் தொடங்கியது என்று பக்கத்திலேயே குறித்துக்கொண்டால் இப்படிப்பட்டவை தானாகவே தெரிந்துவிடும்.

அடுத்தது, முடிவு தெரிந்த பிறகு வரும் புள்ளிகள். சீசன் முடிவில் தேசியப் பட்டத்துக்கு நடக்கும் பிளேஆஃபின் முதல் சுற்றில் நோத்ர டேமிடம் இந்தியானா 27-17 என்று தோற்றது. ஸ்கோரைப் பார்த்தால் நெருக்கமான ஆட்டம் போலத் தெரியும். கடைசி ஒன்றரை நிமிடம் வரை அது 27-3. மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட், நோத்ர டேம் மூன்றையும் சேர்த்து இந்தியானாவின் சராசரி 17.3. அந்தக் கடைசி 14-ஐ எடுத்துவிட்டால் 12.7. முன்வரிசை கனமாக உள்ள அணிகளிடம் அந்த அஃபென்ஸ் உண்மையில் எவ்வளவு எடுத்தது என்பதற்கு இந்த எண்தான் பக்கத்தில் வருகிறது. 43.3-க்கும் 12.7-க்கும் இடையில்தான் அட்டவணை ஒளிந்திருக்கிறது.

யார்டு கணக்கிலும் ஒரு பொறி உண்டு. கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) சாக் ஆனால், அதாவது வீசுமுன் வீழ்த்தப்பட்டால், இழந்த யார்டு ரன்னிங் கணக்கில்தான் கழியும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-இல் அது பாஸிங் கணக்கில் போகும். ஐந்து சாக் வாங்கிய அணியின் ரன்னிங் மோசமாகத் தெரிவதற்கு ரன்னர் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சாக்குகளைப் பிரித்தெடுத்துவிட்டு வகுங்கள். பிறகு ஒவ்வொரு பிளேயும் வேலைக்கு ஆனதா என்று பாருங்கள்: முதல் டவுனில் தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும். முதல் டவுனில் 10 யார்டு தேவைப்படும்போது 3 யார்டு எடுத்தது தோல்விதான், ரன்னர் இரண்டு பேரை இடித்துத் தள்ளியிருந்தாலும்.

இனி நெப்ராஸ்கா. அக்டோபர் 19-இல் இந்தியானா அவர்களை 56-7 என்று துவைத்தது. ஒரு வாரம் கழித்து ஒஹாயோ ஸ்டேட் 21-17 என்று தப்பித்தது. எதிரி ஒருவரே, ஆனால் ஒஹாயோ ஸ்டேட் பழைய ஒஹாயோ ஸ்டேட் இல்லை. அக்டோபர் 12-இல் ஓரிகனிடம் 32-31 தோற்ற ஆட்டத்தில் முன்வரிசையின் இடக்கோடியில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிமன்ஸின் முழங்கால் போய்விட்டது. அவருக்குப் பதிலாக வந்தவர் நெப்ராஸ்காவிடம் திணறினார், அவரும் காயப்பட்டார். பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கும் லெஃப்ட் கார்டு டானவன் ஜாக்சனை டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். இந்தியானா ஆட்டத்துக்கு முன் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டர் செத் மக்லாக்லினும் காயத்தால் வெளியேறினார். நவம்பர் கடைசியில் லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர் மூன்று இடங்களிலும் செப்டம்பரில் நின்றவர்கள் இல்லை. காயத் தேதிகள் இல்லாத பொது எதிரி ஒப்பீடு, சமையலில் உப்புப் போட்டோமா என்று பார்க்காமல் ருசி சொல்வது மாதிரி.

இதன் விலை நவம்பர் 30-இல் தெரிந்தது. மிச்சிகன் 13, ஒஹாயோ ஸ்டேட் 10. ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 26 ரன்னுக்கு 77 யார்டு. பாஸ் பிடிக்கும் ஜெரமையா ஸ்மித், எமெக்கா எக்புகா இருவருக்கும் மேலே, கடைசிக் காவலர்களான இரண்டு சேஃப்டிகளைப் பின்னால் நிறுத்திவிட்டு, நடுவில் மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகளை நம்பியது மிச்சிகன். முன்னால் ஆள் குறைவாக நிற்கும்போது ரன் ஓடு என்பது பாலபாடம். ஆனால் அந்தப் பாடம் சொந்த சென்டர் நிலைத்து நிற்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. மாற்று சென்டரை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நடுவிலேயே முட்டியதுதான் அன்றைய தவறு. 34, 38 யார்டில் இரண்டு ஃபீல்டு கோல் தவறியதும் உண்மைதான். ஆனால் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் 33 பாஸில் 175 யார்டு, அதாவது ஒரு பாஸுக்கு 5.3 என்பதை கிக்கர் தலையில் கட்ட முடியாது.

கல்லூரி மைதானத்தில், பிளே தொடங்கும் எல்லையைக் குறிக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி. என்எஃப்எல்-இல் பதினெட்டரை அடிதான். பந்து ஒரு ஹாஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. ஒடுங்கிய பக்கத்தில் ஸ்மித்தைத் தனியாக நிறுத்தினால், டிஃபென்ஸ் அங்கே இரண்டாவது ஆளை அனுப்புமா, அல்லது அந்த 100 அடியைக் காக்குமா என்று முடிவெடுத்தாக வேண்டும். நடுவில் முட்டும் அணி இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. பிளேஆஃபில் டெனஸிக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் ஹவர்ட் 29-க்கு 24 பாஸ், 311 யார்டு, ஸ்கோர் 42-17. முன்வரிசையில் சிமன்ஸும் மக்லாக்லினும் அப்போதும் இல்லை. டெக்சஸ் ஸ்மித்தை ஒரே கேட்ச், 3 யார்டுக்குள் அடக்கியது. அங்கே டிரெவியான் ஹெண்டர்சனின் 75 யார்டு ஸ்கிரீன் (தடுப்பவர்கள் முன்னால் போக, பக்கத்திலேயே போடும் குட்டைப் பாஸ்) வழி திறந்தது.

எதிரிகளின் அட்டவணையைப் படிக்கும்போது யாரைச் சந்தித்தார்கள் என்பதைவிட யாரைச் சந்திக்கவில்லை என்பது முக்கியம். பிக் டென்னில் 18 அணிகள், ஒவ்வொருவருக்கும் ஒன்பது ஆட்டம். பென் ஸ்டேட் ரெகுலர் சீசனில் ஓரிகனையும் இந்தியானாவையும் மிச்சிகனையும் பார்க்கவே இல்லை. இந்தியானாவோ ஓரிகனையும் பென் ஸ்டேட்டையும் பார்க்கவில்லை. இரண்டும் 8-1, இரண்டுக்கும் அந்த ஒரு தோல்வி ஒஹாயோ ஸ்டேட்டிடம். பிக் டென் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்குப் போனது பென் ஸ்டேட்.

ஆட்டமில்லாத ஓய்வு வாரமான பை வீக்கை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். கொலம்பஸுக்குப் போகுமுன் இந்தியானாவுக்கு ஒரு வாரம் ஓய்வு இருந்தது. பிளேஆஃபில் முதல் சுற்று ஓய்வு பெற்ற ஓரிகன், ஜார்ஜியா, பாய்சி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்கும் காலிறுதியிலேயே வெளியேறின. காயம் ஆற வேண்டிய லைன்மேன் இருந்தால் பை வீக் தங்கம், இல்லாவிட்டால் வெறும் விடுமுறை.

இன்னொரு பெரிய லீக்கான எஸ்இசி-யின் ரசிகர்கள் இந்தியானாவின் அட்டவணையைக் கிண்டல் செய்தபோது அவர்கள் லீக்கில் எட்டு ஆட்டம்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2026 முதல் அங்கேயும் ஒன்பது. 16 அணிகள், ஆளுக்கு ஒரு கூடுதல் ஆட்டம் என்றால் லீக் முழுவதும் 8 கூடுதல் தோல்விகள். 9-3 என்று நின்று பிளேஆஃப் வாசலில் வாதாடும் அணிகளில் சில இனி 8-4.