பி3எல்ஒய்பி மேற்கோள்கள் யார் கணக்கில் சேருகின்றன?

பி3எல்ஒய்பி (B3LYP) என்பது மூலக்கூறுகளின் ஆற்றலையும் அமைப்பையும் கணினியில் கணக்கிடும் ஒரு முறை. வேதி இயற்பியல் ஆய்வாளர் ஒருவரின் மேற்கோள் எண்ணிக்கையை வைத்து அவரை எடைபோடும் முன், ஆக்சல் பெக்கே 1993-இல் எழுதிய இரண்டு கட்டுரைகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். இரண்டுமே ஜர்னல் ஆஃப் கெமிக்கல் ஃபிசிக்ஸ், 98-ஆம் தொகுதியில் வந்தவை. 1372-ஆம் பக்கத்தில் தொடங்குவது, இத்தகைய கணக்குகளுக்கான பழைய ஹார்ட்ரீ–ஃபாக் முறையையும், எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் சூத்திரமான அடர்த்தி ஃபங்ஷனலையும் பாதிக்குப் பாதி கலப்பது. 5648-இல் தொடங்குவது 0.20, 0.72, 0.81 என்ற மூன்று எண்களைக் கொண்டு கலப்பது. பி3எல்ஒய்பி பயன்படுத்தும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டாவதைத்தான்.

ஆனால் அந்தக் கட்டுரையில் எல்ஒய்பி கிடையாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகி நகர்வதைக் கணக்கில் கொள்ளும் கோரிலேஷன் பகுதிக்குப் பெக்கே எடுத்துக்கொண்டது பெர்டியூவும் வாங்கும் 1991-இல் கொடுத்த ஃபங்ஷனலை. அதற்குப் பதிலாக லீ, யாங், பார் மூவரின் 1988-ஆம் ஆண்டு ஃபங்ஷனலை (இதுதான் எல்ஒய்பி) பொருத்தி, பெக்கேயின் மூன்று எண்களையும் அப்படியே வைத்துக்கொண்டவர்கள் ஸ்டீஃபன்ஸ், டெவ்லின், சாபலவ்ஸ்கி, ஃப்ரிஷ். 1994, ஜர்னல் ஆஃப் பிசிகல் கெமிஸ்ட்ரி, பக்கம் 11623. இதற்கும் தொகுதி எண் 98 என்பதால் குழப்பம் கூடுகிறது. நிரலின் கையேட்டில் இருந்தோ பழைய கட்டுரையில் இருந்தோ பட்டியலை அப்படியே எடுத்து ஒட்டும்போது, இந்த நால்வரின் பெயர்தான் முதலில் விடுபடுகிறது. முறையைப் பயன்படுத்துகிறவர்கள் நான்கையும் குறிப்பிட வேண்டும்: பெக்கே 1993, லீ–யாங்–பார் 1988, ஸ்டீஃபன்ஸ் குழு 1994, அதோடு கோரிலேஷனின் இன்னொரு பகுதிக்கான வோஸ்கோ, வில்க், நுசேர் 1980.

நேச்சர் இதழ் 2014-இல் வெளியிட்ட, அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகளின் பட்டியலில் லீ–யாங்–பார் ஏழாவது, பெக்கே 1993 எட்டாவது. நூறில் பன்னிரண்டு அடர்த்தி ஃபங்ஷனல் கோட்பாட்டைச் சேர்ந்தவை. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் இத்தனை பேர் அதைப் படித்து விவாதித்திருக்கிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி, கணக்கு போட்டவர்கள் முறைப்பிரிவில் ஒரு வரியில் குறிப்பிட்டுச் சென்றது. கருவியை எத்தனை பேர் கையில் எடுத்தார்கள் என்பதையே அது காட்டுகிறது. அதுவும் பெரிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் மூலக்கூற்றுக் கற்றைச் சோதனைக்கு வருடக்கணக்கில் கருவி கட்டி, ஒரே ஒரு வினையை அளந்தவரின் எண்ணோடு அதை ஒப்பிடுவது அநியாயம். ஆகவே ஒருவரின் பட்டியலைக் கையில் எடுத்ததும் கட்டுரைகளை முறை, அளவீடு, கோட்பாடு, மதிப்பாய்வு என்று பிரித்துவிட்டு ஒவ்வொரு பிரிவையும் தனியாகப் பாருங்கள்.

எச்-இன்டெக்ஸ் இந்த வேறுபாட்டை வேறு விதமாக மறைக்கிறது. ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த இந்த அளவைக் கையாலேயே கணக்கிடலாம். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணை விட மேற்கோள் குறையாமல் இருக்கும் கடைசி இடத்தை எடுக்க வேண்டும். 9000, 40, 22, 10, 6, 5, 4 என்று ஏழு கட்டுரைகள் இருப்பதாகக் கொள்வோம். ஐந்தாவதில் 6 இருக்கிறது, ஆறாவதில் 5 தான். ஆகவே எச் 5. முதல் கட்டுரை 9000-க்குப் பதில் 41 பெற்றிருந்தாலும் இதே 5 தான். சராசரியோ சுமார் 1298, நடுமதிப்பு 10. இந்த மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லும் விண்ணப்பத்தை நம்பாதீர்கள்.

எண்களை எடுக்கும் முன் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். தமிழ்ப் பெயர்களில் இது பெரிய வேலை. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில ஆண்டுகள் விரிந்து அப்பா பெயராகவும் வரும். ஒரே ஆள் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸில் இரண்டு மூன்று பக்கங்களாகச் சிதறிக் கிடப்பார். கூகுள் ஸ்காலரில் இதற்கு நேர்மாறாக, ஒரே இனிஷியல் கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆய்வாளருக்கான 16 இலக்க ஆர்கிட் (ORCID) அடையாள எண்ணை முதல் கட்டுரையிலேயே கொடுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஏற்கெனவே சிதறியிருந்தால் பணியிடம், இணை ஆசிரியர்கள், கட்டுரையின் டி.ஓ.ஐ. (DOI) அடையாள எண் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கங்களை இணைக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கு விண்ணப்பியுங்கள்.

பழைய கட்டுரைகளில் பக்க எண்ணும் காலை வாரும். அடர்த்தி ஃபங்ஷனல் கோட்பாட்டின் அடிப்படைக் கட்டுரைகளில் ஒன்றான கோன்–ஷாம் 1965 கட்டுரை ஃபிசிக்கல் ரிவ்யூ 140, ஏ1133. அந்த ‘ஏ’ விடுபட்டால், தரவுத்தளம் அதைக் கோன்–ஷாம் கட்டுரையோடு சேர்க்காமல் தனியாக வைத்துவிடலாம். வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளத்தில் மேற்கோள் குறிப்புகளுக்கென்று இருக்கும் தனித் தேடலில் போனால் இப்படி உதிர்ந்தவற்றைப் பொறுக்கி எடுக்கலாம்.

சுயமேற்கோளை நீக்கும்போது அந்த ஒருவருடையதை மட்டும் நீக்கினால் போதாது. ஸ்கோபஸில் எல்லா இணை ஆசிரியர்களின் சுயமேற்கோளையும் சேர்த்து விலக்கும் வசதி இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு எண்களையும் குறித்துவையுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் இதழில் வருமுன் இணையத்தில் இடப்படும் முன்பதிப்புகளையும் எண்ணுவதால் அதன் எண் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்ற இரண்டையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.