ட்ரோனுக்குத் தடை: 7 மீட்டர் கம்பும் பத்தாவது மாடி ஜன்னலும்

ட்ரோன் வாங்கி முதல் ஒரு வருடம் ஆளில்லாத வெளிகளில்தான் பறக்கவிட்டேன். ஆசை என்னவோ நகரத்தின் மேல்தான். காலை வெயில், சாலையின் வெள்ளைக் கோடுகள், தன் நிழலை இழுத்துக்கொண்டு நடக்கும் ஒரு ஆள். அப்படி ஒரு படம் வேண்டும். ஆனால் நான் இருக்கும் பகுதி முழுக்க விமான நிலையத்தின் தடை வட்டத்துக்குள் வருகிறது. வரைபடத்தில் என் தெருவே சிவப்பு.

250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன். பல நாடுகளில் எடை குறைந்தால் பதிவு, தேர்வு போன்றவற்றில் சலுகை உண்டு. விமான நிலையத் தடை அதற்கும் சேர்த்துத்தான். இதில் எனக்கு வருத்தமும் இல்லை. தரையிறங்கும் விமானத்துக்குள் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, ஒரு படத்துக்காக அந்த வழியில் எதையும் ஏற்ற மனம் வராது.

சரி, எனக்கு உண்மையில் எவ்வளவு உயரம் வேண்டும்? பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். பறந்த உயரம் ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கும். ரொம்பப் பிடித்த 20 படங்களைப் பொறுக்கி உயரத்தைக் குறித்தேன். பல நாடுகளில் 120 மீட்டர் வரை பறக்கலாம், நானும் அதுவரை ஏற்றியிருக்கிறேன். ஆனால் அந்த 20-ல் 14 படங்கள் 35 மீட்டருக்குக் கீழே எடுத்தவை! மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் பத்து, பதினோரு மாடி. அந்த உயரத்துக்குப் படிக்கட்டு இருக்கிறது.

அடுத்த இரண்டு வாரம் மாடி மாடியாக ஏறினேன். கட்டடப் பொறுப்பாளரைப் பார்த்து, எந்தத் திசையில் எதை எடுக்கப்போகிறேன் என்று அச்சடித்த இரண்டு படங்களைக் காட்டிக் கேட்டேன். வெறும் வாயால் கேட்டபோது தயங்கியவர்கள், படத்தைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். மொட்டைமாடி கிடைக்காத இடத்தில் ஜன்னல். கண்ணாடிக்குப் பின்னால் நின்று எடுத்த முதல் படங்களில் என் சட்டையும் கூரை விளக்கும்தான் தெரிந்தன. அறை விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு கிட்டத்தட்ட ஒட்டவைத்து, சுற்றிலும் கறுப்புத் துணி போர்த்தியதும் பிரதிபலிப்பு போய்விட்டது. பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டியான போலரைசரை லென்ஸில் போட்டால் இன்னும் நன்றாக வரும் என்று நினைத்தேன். கடினப்படுத்திய கண்ணாடியில் அது வானவில் மாதிரி திட்டுத்திட்டாகக் காட்டுகிறது. கழற்றிவிட்டேன்.

ஜன்னலால் முடியாதது ஒன்று உண்டு: நேர் கீழே பார்ப்பது. எனக்கு அதுதான் உயிர். அதற்காகத்தான் கம்பு.

சுவருக்கு வர்ணம் அடிப்பவர்கள் ரோலர் மாட்டுவார்களே, அந்த மாதிரி இழுத்தால் நீளும் கம்பு. என்னுடையது ஃபைபர் கிளாஸ், முழுக்க இழுத்தால் 7 மீட்டர். அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன். ஃபைபர் கிளாஸும் ஈரமானால் நம்பக்கூடாது. மேலே மின்கம்பி போகிற தெருவில் நான் கம்பைப் பிரிப்பதே இல்லை. உச்சியில் சின்ன கேமரா, கழன்றாலும் விழாமலிருக்க ஒரு கயிறு, இரண்டு விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும்படி அமைப்பு. ஓரத்தில் நின்று, கீழே யாரும் இல்லாத பக்கமாகச் சாய்க்கிறேன்.

முதல் நாள் எடுத்த 90 படங்களில் தேறியது நான்கு. கீழே கை லேசாக அசைந்தால் உச்சி ஒரு முழம் ஆடுகிறது. ஷட்டர் 1/250 விநாடி திறந்திருந்தபோது எல்லாம் கலங்கல். 1/1000-க்குக் கொண்டுபோய், குறையும் வெளிச்சத்தை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிவிட்டு, அடிப்பகுதியைக் காலோடு அணைத்துப் பிடித்ததும் பாதிக்கு மேல் தெளிவாக வந்தன. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் கம்பு ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் விழுந்த படங்கள்தான் கத்தி மாதிரி இருக்கின்றன.

அப்புறம் கணக்கு. ஃபுல் ஃபிரேம் (36-க்கு 24 எம்எம் சென்சார்) கணக்கில் 24 எம்எம் லென்ஸ் 7 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்த்தால் தரையில் சுமார் 10.5-க்கு 7 மீட்டர்தான் அடங்கும். சாலைச் சந்திப்பு அடங்காது. ஆனால் ஒரு படிக்கட்டு அடங்கும். கம்பை 20 டிகிரி சாய்த்தால் கேமரா என்னைவிட்டு 2.4 மீட்டர் தள்ளிப்போகும், உயரம் 6.6 ஆகும். அப்போதும் கம்பின் அடியும் என் செருப்பும் ஓரத்தில் விழும். அதை வெட்டிவிட அந்தப் பக்கம் இடம்விட்டு எடுக்கிறேன். சாய்த்த கம்பை அதிக நேரம் தாங்க முடியாது, ஒரு நண்பர் நடுவில் பிடித்துக்கொள்கிறார்.

பட்டம் யோசனையும் வந்தது. 1888-ல் பிரான்சில் ஆர்தர் பாட்யூ பட்டத்தில் கேமராவைக் கட்டி ஏற்றியிருக்கிறார். மெதுவாக எரியும் திரி ஷட்டரை விடுவிக்கும். அந்தப் பொறுமையை நினைத்தாலே மரியாதை வருகிறது. ஆனால் விமான நிலையத்துக்கு அருகே பட்டத்துக்கும் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. என் தெருவுக்கு அது வேண்டாம்.

போன ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படிக்கட்டு. மேலிருந்து பார்க்கையில் படிகளுக்கு உயரமே இல்லை, வெளிச்சமும் நிழலுமாகக் கோடுகள் மட்டும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே ஒருவர் மஞ்சள் குடையோடு இறங்கினார். மூன்று படங்கள் விழுந்தன. இரண்டாவதில் குடை சரியாக ஒரு நிழல்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை அச்சடித்து மேசை மேல் வைத்திருக்கிறேன். அடுத்து, மழை ஓய்ந்து மேகம் விலகிய ஒரு காலையில் அதே படிகளை ஈரத்தோடு எடுக்க வேண்டும். கம்பு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்பதால், உறை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன்.