மாமியாரின் கொள்ளுத்தாத்தாவைத் தேடி

என் மாமியார் டெக்சாஸ்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் கான்ஃபெடரேட் படையில், அதாவது அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்காகச் சண்டை போட்டவர். கடைசிவரை தெற்கின் தளபதி ஜெனரல் லீயுடன் நின்று வர்ஜீனியாவின் அப்போமேட்டாக்ஸில் சரணடைந்தார் என்று வீட்டில் நான்கு தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். மாமியாருக்கு அதை எழுத்தில் பார்க்க ஆசை. சரி, தேடித் தருகிறேன் என்று நான்தான் ஒப்புக்கொண்டேன்.

1865 ஏப்ரலில் தெற்கின் தலைநகர் ரிச்மண்ட் விழுந்தபோது ஊரே பற்றி எரிந்தது, ஏகப்பட்ட காகிதங்களும் அதோடு போயின. தப்பியவை வடக்குப் படையின் கைக்கு வந்து வாஷிங்டன் போய்ச் சேர்ந்தன. 1903 முதல் போர்த்துறை குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, மஸ்டர் ரோல் என்ற படை வருகைப் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு, கைதிகள் பட்டியல் எதில் ஒரு சிப்பாயின் பெயர் வந்தாலும் அதைத் தனி அட்டையில் எடுத்தெழுதி, ஆளுக்கொரு உறையில் போட்டு வைத்தார்கள். எவ்வளவு பொறுமை வேண்டும் இதற்கு! அந்த உறைகள் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஸ்கேன் செய்து இணையத்திலும் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அலபாமாக்காரரான கொள்ளுத்தாத்தாவின் பெயரில் அலபாமாப் படைகளில் மட்டும் ஆறு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேருக்கு வெறும் இனிஷியல்தான். எவர் எங்கள் ஆள்? அலபாமா பென்ஷன் பதிவுகளில் மாதக்கணக்கில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்புறம்தான் புரிந்தது, கான்ஃபெடரேட் சிப்பாய்க்கு மத்திய அரசு பென்ஷன் தரவில்லை, மாநிலங்கள்தான் தந்தன, அதுவும் எந்த மாநிலத்துக்காகப் போரிட்டாரோ அங்கே இல்லை, பிற்காலத்தில் எங்கே குடியிருந்தாரோ அங்கே. டெக்சாஸ் 1899இல் கொடுக்கத் தொடங்கியது. ஆஸ்டினில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் அவர் மனைவி விதவையான பிறகு போட்ட விண்ணப்பம் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, நடுங்கி நடுங்கிப் போட்டது. அதற்கு மேலே கணவரின் படைப்பிரிவு: 30வது அலபாமா காலாட்படை.

அந்த உறையில் பதினாறு அட்டைகள். சில மஸ்டர் ரோலில் ஆஜர், ஒன்றில் காய்ச்சலோடு மருத்துவமனை. 1863 ஜூலை 4இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரம் சரணடைந்தபோது, பிடிபட்டவர்களில் பெரும்பாலோரை வடக்கே கொண்டுபோகாமல், முறைப்படி கைதிப் பரிமாற்றம் நடக்கும்வரை ஆயுதம் எடுப்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வடக்குப் படையின் ஜெனரல் கிராண்ட் பரோலில் விட்டார், அந்த அச்சடித்த பரோல் சீட்டும் இருந்தது, கீழே கொள்ளுத்தாத்தாவின் கோணல் கையெழுத்தோடு. மறுபடியும் படைக்குப் போயிருக்கிறார். 1864 டிசம்பரில் நாஷ்வில்லில் பிடிபட்டு, சிகாகோவின் கேம்ப் டக்ளஸ் சிறை முகாமில் அடைபட்டு, 1865 ஜூனில் அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்துவிட்டு வீடு திரும்பினார். நீலக்கண், 5 அடி 7 அங்குலம் என்று அடையாளம் எழுதியிருக்கிறது. அப்போமேட்டாக்ஸில் லீ சரணடைந்த ஏப்ரல் 9 அன்று இவர் சிகாகோவில் கைதி. மாமியார் அந்தப் பரோல் சீட்டை மட்டும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம், எனக்கு மனசு வரவில்லை. எதற்காக நடந்த போர் என்று தெரிந்துகொண்டே சிப்பாயை மட்டும் தேடுவது பாதித் தேடல்தான். 1860 கணக்கெடுப்பின் அடிமைகள் அட்டவணையைத் திறந்தேன். கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் இருந்தது, அதற்குக் கீழே ஏழு வரிகள். உடைமையாளருக்குத்தான் பெயர். மற்றவர்களுக்கு வயது, பால், நிறம், அவ்வளவே. மூன்றாவது வரி: 14, பெண், கறுப்பு. இவருக்குப் பதினாறு அட்டை, கண்ணின் நிறம்கூடத் தெரிகிறது. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர்கூட இல்லை.

விடுதலை பெற்ற மக்களை எல்லாம் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு 1870இல் நடந்தது. அதே கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், பக்கங்களை இப்போது வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இருபத்து நாலு வயதை ஒட்டிய கறுப்பினப் பெண்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு. இதுவரை பதினொரு பேர்.